துணியை அவிழ்த்தது யார்?

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கொடுத்த கட்டுரையில் இருந்துதான் இது தொடங்கியது. நான் ஒரு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பின்காலனிய இலக்கியம் என்ற தாளை எடுக்கிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம். வட சென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிய பா. இரஞ்சித்தின் படம் ‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலையில் வந்ததில் இருந்து வருஷம் தவறாமல் ஒருவராவது அதைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். சொந்த ஊர்ப் படம், நாலு முறை பார்த்த படம், எழுதச் சுலபம்.

இவள் கட்டுரை நன்றாகவே இருந்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த குத்துச்சண்டையை வட சென்னைத் தொழிலாளி கற்றுக்கொண்டு அவனையே அடித்தான். ஆகவே கையுறை காலனியத்தின் கருவி, படத்தின் நாயகன் கபிலனின் உடல் காலனியம் நசுக்கிய உடல். நடுவில் இரண்டு இடத்தில், காலனியத்தை ஆராய்ந்து எழுதிய சிந்தனையாளர் பிரான்ஸ் ஃபனான். 25-க்கு 22 போட்டேன்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் உறுத்தியது. படத்தின் கதை தொடங்குவதே 1975-இல். சுதந்திரம் வந்து 28 வருஷம் ஆகிவிட்டது. பந்தயத்தின் நடுவில் கூட்டம் மேடையேறிக் கபிலனை அடித்து நிர்வாணமாக்குகிறது. முதல் பாதி முழுக்க அந்தக் காட்சியை நோக்கித்தான் ஓடுகிறது, பின்பாதி முழுக்க அதில் இருந்து எழுந்திருக்கத்தான் பாடுபடுகிறது. அங்கே வெள்ளைக்காரன் ஒருத்தன்கூட இல்லை. கட்டுரையில் அந்தக் காட்சிக்குக் கிடைத்தது ஒரே வரி: ‘அரசு வன்முறை அவன் ஆடையை உரிக்கிறது.’ அதன் ஓரத்தில் நான் டிக் போட்டிருந்தேன்.

மாணவியின் தவறு என்று சொல்ல மனம் வரவில்லை. எங்கள் தாளில் எந்தக் கதையை எடுத்தாலும் முதலில் வெள்ளைக்காரனைத் தேடச் சொல்லித்தான் பழக்குகிறோம். அவன் போன பிறகு நடந்தது என்ன என்று எழுதிய ஆட்களையும் பாடத்தில் வைத்திருக்கிறோம். தேர்வு நெருங்கும்போது அந்தப் பகுதியை வேகமாக ஓட்டிவிடுகிறோம்.

சரி, இரண்டு படங்களை அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. கல்லூரியில் இடம் கேட்டேன், கிடைக்கவில்லை. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு படிப்பகம் இருக்கிறது. கீழே கேரம் போர்டு, மேலே பத்திரிகைகள், அதற்கும் மேலே ஓடு போட்ட மாடி. அந்த மாடியை இரண்டு ஞாயிறு சாயங்காலத்துக்குத் தந்தார்கள். ஒரே நிபந்தனை, தெருக்காரர்களும் வந்து பார்ப்பார்கள். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை.

துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்

முதல் ஞாயிற்றுக்கு நான் எடுத்தது ‘ஹாலா’. செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் 1973-இல் நாவலாக எழுதி, 1975-இல் தானே படமாகவும் எடுத்தது. செனகல் பிரான்ஸிடம் இருந்து விடுபட்டது 1960-இல். அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்த உள்ளூர்ப் பெரிய மனிதர்களைப் பற்றிய கதை இது. அங்கே இந்தப் படம் வந்த அதே வருஷம்தான் இங்கே நெருக்கடி நிலை வந்தது. திட்டம் போட்டு எடுத்த பொருத்தம் இல்லை, பிறகுதான் கவனித்தேன்.

செம்பேனைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மனிதர் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் கூலியாக மூட்டை இறக்கியவர். 1956-இல் வந்த முதல் நாவலின் பெயரே ‘கறுப்புத் துறைமுகத் தொழிலாளி’ என்று பொருள்படும். நாவல் எழுதினால் தன் ஜனங்களில் படிக்கத் தெரிந்தவர்களைத்தான் சேரும் என்று உணர்ந்து, நாற்பது வயதை ஒட்டி சினிமாவுக்கு வந்தார். சினிமாவை இரவுப் பள்ளி என்று சொன்னவர். ராயபுரத்து மாடியில் அவர் படத்தைப் போடாமல் வேறு யார் படத்தைப் போடுவது?

முதல் ஞாயிறு

மாணவர்கள் 11 பேர். தெருக்காரர்கள் இருபதுக்குக் கொஞ்சம் மேல். முன்வரிசையில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலர். சென்னைத் துறைமுகத்துக்கு 1983-இல் கன்டெய்னர் முனையம் வருவதற்கு முன்னால், முதுகில் மூட்டை ஏற்றியே கப்பலை நிரப்பிய தலைமுறை. அவர்களில் ஒருவரின் பேச்சு இங்கே அதிகம் வரும். பெயர் போடவில்லை, காரணம் பின்னால். ஃபனானின் கருத்துகளைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கிப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தேன். மே மாதப் புழுக்கத்துக்கு விசிறியாக நன்றாகப் பயன்பட்டது.

படத்தில் பேசுவது பிரெஞ்சும் செனகலின் உள்ளூர் மொழியான வோலோஃபும். எழுத்து ஓடுவது ஆங்கிலத்தில். நானும் அந்த மாணவியும் மாறிமாறித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தோம். நான் சொன்னது மேடைத் தமிழாக இருந்தது போலிருக்கிறது, பத்து நிமிஷத்தில் “சார், நீங்க குந்துங்க, பாப்பாவே சொல்லட்டும்” என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

தொடக்கக் காட்சி: உள்ளூர் வணிகர்கள் வர்த்தக சபைக்குள் நுழைந்து வெள்ளைக்காரர்களை வெளியேற்றுகிறார்கள். சிலைகளை எடுத்துப் படியில் வைக்கிறார்கள். ஊரே கொண்டாடுகிறது. கொஞ்ச நேரத்தில் அதே வெள்ளைக்காரர்கள் கையில் பெட்டிகளோடு திரும்பி வருகிறார்கள். இப்போது கோட்டு சூட்டில் உட்கார்ந்திருக்கும் நம்மாட்கள் ஆளுக்கொரு பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். உள்ளே கட்டுக்கட்டாகப் பணம். ‘இனி நம் ஆட்சி’ என்று தலைவர் பேசுகிறார். அவர் பின்னால் ஒரு வெள்ளைக்கார ஆலோசகர் வாய் திறக்காமல் நிற்கிறார்.

“பொட்டி வந்துட்ச்சா, முடிஞ்சுது” என்றார் முன்வரிசைப் பெரியவர். மாடியே சிரித்தது. நான் ஃபனானை வைத்து ஒரு வகுப்பு முழுக்க விளக்குகிற விஷயம் அது.

கதைநாயகன் எல் ஹாஜி அந்த சபையில் ஓர் உறுப்பினர், இறக்குமதி வியாபாரி. பெட்டி வாங்கிய கையோடு மூன்றாவது கல்யாணம் செய்துகொள்கிறார். முதலிரவில் ஆண்மை போய்விடுகிறது. அதற்குத்தான் வோலோஃப் மொழியில் ஹாலா என்று பெயர். பெரியவர்கள், பெண்கள் நடுவில் இதை எப்படிச் சொல்வது என்று மாணவி ஒரு நொடி திணறினாள். பின்னால் இருந்து ஒரு பாட்டி எடுத்துக் கொடுத்தார்: “செய்வினை வச்சிட்டாங்க, அவ்ளோதானே? மேல சொல்லு.” சின்னப் பையன்கள் அதற்கு முன்பே கீழே கேரம் ஆட அனுப்பப்பட்டிருந்தார்கள்.

மொழி விஷயமும் இருக்கிறது. வீட்டில் மகள் ராமா வோலோஃபில் பதில் சொன்னால் எரிந்து விழுகிறவர் எல் ஹாஜி. பதவி பறிபோகிற கூட்டத்தில் அவரே வோலோஃபில் பேச விடுங்கள் என்று கேட்கிறார், மற்றவர்கள் மறுக்கிறார்கள். 1930-களின் இந்தி எதிர்ப்பில் சிறையில் இறந்த நடராசன், தாளமுத்து இருவரையும் புதைத்த மூலக்கொத்தளம் இந்த மாடிக்குக் கூப்பிடு தூரம். இந்தக் காட்சிக்கு நிறையப் பேச்சு வரும் என்று நினைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்த இடங்களில் எல்லாம் மாடி சும்மா இருந்தது.

எதிர்பாராத இடம் தண்ணீர். எல் ஹாஜியின் மெர்சிடிஸ் காரை டிரைவர் பிரான்ஸில் இருந்து வந்த பாட்டில் தண்ணீரால் கழுவுகிறார். ரேடியேட்டரிலும் அதையே ஊற்றுகிறார். “அடப்பாவி” என்று பெண்கள் பக்கம் இருந்து ஒரே குரல். 2019 கோடையில் மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர்கள் அவர்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் ஆலை 2010-இல் வந்ததே நம் பக்கத்தில்தான் என்று ஒருவர் ஆரம்பித்தார், மற்றவர்கள் அடக்கினார்கள். படம் போகட்டும், அப்புறம் பேசலாம்.

அடுத்தது அரிசி. அரசு ஒதுக்கிய அரிசியை எல் ஹாஜி வெளியில் விற்றுவிட்டார் என்று குற்றச்சாட்டு வருகிறது. இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. “ரேஷன் அரிசி” என்று மாணவி சொல்லி முடிப்பதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பிறகு அந்தக் காட்சி. கடை வாசலில் பிச்சைக்காரர்கள் உட்கார்ந்திருப்பது கௌரவக் குறைவாக இருக்கிறது என்று சபைத் தலைவர் போலீஸைக் கூப்பிடுகிறார். கண் தெரியாதவர்கள், கால் இல்லாதவர்கள் எல்லோரையும் வண்டியில் அள்ளிக்கொண்டு போய் ஊருக்கு வெகு தூரத்தில் பொட்டலில் கொட்டிவிட்டு வருகிறார்கள். அவர்கள் நடந்தும் தவழ்ந்தும் நகரத்துக்குத் திரும்பி வருகிறார்கள். செம்பேன் இந்த நடையை அவசரப்படாமல் காட்டுகிறார். மாடியில் சத்தம் இல்லை. நடுவில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: “எங்க அக்காவ கண்ணகி நகருக்குத் தூக்கினு போனப்போ இப்படித்தான் லாரி வந்துது. டெய்லி ரெண்டு பஸ் மாறி இங்க வேலைக்கு வருது.”

என் தாளில் ‘இடப்பெயர்வு’ என்று ஓர் அலகு இருக்கிறது. கரீபியன், ஆப்பிரிக்கா, லண்டன் எல்லாம் வரும். நகரத்துக் குடிசைக்காரர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் வராது.

கடைசிக் காட்சியைச் சொல்லியாக வேண்டும். எல்லாம் இழந்து நிற்கும் எல் ஹாஜியின் வீட்டுக்குள் பிச்சைக்காரர் கூட்டம் நுழைகிறது. அவர்களில் கண் தெரியாத கிழவர் சொல்கிறார்: நம் குலத்துக்குப் பொதுவான நிலத்தை நீ பெயரை மாற்றி எழுதி எடுத்துக்கொண்டாய், செய்வினை வைத்தது நான்தான். குணமாக வேண்டுமானால் எல்லோர் முன்னாலும் துணியை அவிழ்த்துவிட்டு நில், நாங்கள் உன்மேல் துப்புவோம். குடும்பத்தின் கண்முன்னால் அவர் நிற்கிறார். துப்புகிறார்கள். படம் அங்கேயே உறைந்து நின்றுவிடுகிறது.

“பட்டாவ மாத்தினு இருக்கான்” என்றார் பெரியவர். அவருக்குக் கதையின் முடிச்சு அங்கே அவிழ்ந்தது. ஆண்மை, மூன்றாம் மனைவி, பிரெஞ்சு எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். காகிதத்தில் பெயர் மாறிய இடம்தான் குற்றம் நடந்த இடம். துப்பியது சரியா தவறா என்று பெண்களும் ஆண்களும் ஒன்பது மணி வரை வாதாடினார்கள். அந்தப் பெண்டாட்டி பிள்ளை எதிரில் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்பது பாட்டியின் கட்சி. முடிவு ஒன்றும் எட்டவில்லை. பீச் ஸ்டேஷன் பக்கம் போய் மாணவர்களோடு அத்தோ சாப்பிட்டோம். பர்மாவில் இருந்து விரட்டப்பட்ட தமிழர்கள் கொண்டுவந்த பண்டம். தட்டில் இருந்த அந்த இடப்பெயர்வையும் நான் வகுப்பில் சொன்னதில்லை.

இரண்டாம் ஞாயிறு

‘சார்பட்டா’வை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வசனத்தை அவர்களே முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்ற வாசகம் வந்ததும் பெரியவர் நிமிர்ந்தார். அந்தக் காலத்து நோட்டீஸில் அப்படியேதான் போடுவார்களாம். எனக்கு அந்த இரண்டு சொல்லையும் விட மனசில்லை. ஆங்கிலம் அவனுடைய ஆட்டம், ரோசம் நம்முடையது. ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மாணவியின் கட்டுரை முழுக்க ‘ஆங்கில’ என்ற சொல்லைப் பற்றியது. படமோ பெரும்பாலும் ‘ரோசமான’ என்ற சொல்லைப் பற்றியது: யாருக்கு ரோசம் இருக்கலாம், யாருக்கு இருக்கக் கூடாது.

இங்கே ஒரு பேச்சு. வட சென்னையில் வாத்தியார் என்றால் குத்துச்சண்டை, சிலம்பம் சொல்லிக் கொடுப்பவர். புத்தகம் சொல்லிக் கொடுக்கும் நான் வெறும் ‘சாரு’தான். எம்.ஜி.ஆருக்கும் வாத்தியார் என்றுதான் பெயர். படத்தில் கபிலனின் குருவான ரங்கன் வாத்தியாரோ தி.மு.க. உடன்பிறப்பு. இந்தக் குழப்பம் மாடியிலும் வெடித்தது. எம்.ஜி.ஆர். குத்துச்சண்டைக்குச் செய்ததைப் படம் மறைத்துவிட்டது என்று படம் வந்தபோது ராயபுரத்துக்காரரான முன்னாள் அமைச்சர் ஜெயக்குமார் சொன்ன அதே வாதத்தை ஒருவர் எடுத்தார். 1980-இல் முகமது அலியே சென்னைக்கு வந்தார், யார் ஆட்சியில் என்று கேட்டார். அரை மணி நேரம் போயிற்று. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், வெள்ளைக்காரனுக்குப் பிந்தைய அரசியல் என்றால் இந்தத் தெருவுக்கு அதுதான், எந்தக் கொடி.

இனி முக்கியமான காட்சி. எதிரணியான இடியாப்ப பரம்பரையின் வேம்புலியோடு நடக்கும் பந்தயத்தில் கபிலன் ஜெயிக்கப் போகிறான். கபிலன் மேடையேறியதே பிடிக்காத தணிகையின் ஆட்கள் புகுந்து கலவரம் செய்கிறார்கள். கபிலனை அடித்துத் துணியை உருவுகிறார்கள். அதே நேரம் மாநில ஆட்சி கலைக்கப்பட்ட செய்தி, அதாவது 1976 ஜனவரி 31, போலீஸ் வந்து ரங்கனைப் பிடிக்கிறது. நூறு முறை பார்த்த கூட்டம்தான், ஆனாலும் அந்த இடத்தில் ஒருத்தரும் பேசவில்லை.

படத்தை நிறுத்தச் சொன்னேன். மாணவி எழுந்து தன் கட்டுரையின் வாதத்தைச் சொன்னாள்: டெல்லியின் நெருக்கடி நிலை காலனிய ஆட்சியின் தொடர்ச்சி, அந்த அரசு வன்முறைதான் கபிலனை நிர்வாணமாக்குகிறது.

பெரியவர் அவளை மறுத்த விதம் மென்மையாக இருந்தது. “நீ சொல்றது கரெக்டு மா, எமர்ஜென்சில எங்க ஆளுங்களையும் புடிச்சினு போனான். ஆனா நல்லா பாரு. போலீஸு வந்தது ரங்கனுக்கு. துணிய அவுத்தது போலீஸு இல்ல. தணிகை. அவன் யாரு? வெள்ளக்காரனா? டெல்லிக்காரனா? இடியாப்ப பரம்பரையா? நம்ம சார்பட்டாக்காரன்.”

அவள் பதில் சொல்லாமல் நின்றாள். நானும்தான்.

அவர் சொன்னதில் இருந்து எனக்குக் கிடைத்தது படத்தைப் பற்றிய ஒரு விமர்சனமும்கூட. இரஞ்சித் இரண்டு கைகளையும் ஒரே காட்சியில் வைக்கிறார்: டெல்லியின் கை, தணிகையின் கை. தன் வீட்டுப் பையனுக்குக் கிடைக்க வேண்டிய மேடை தாழ்வாக நினைக்கும் ஒருவனுக்குப் போனதை ஜீரணிக்க முடியாத கை அந்த இரண்டாவது. ஆட்சிக் கலைப்பு ஒரு புயல் மாதிரி அதே நொடியில் வந்து இறங்குவதால், பார்ப்பவர் கோபம் இரண்டாகப் பிரிந்து, பாதி டெல்லிக்குப் போய்விடுகிறது. தணிகைக்கு அது பெரிய சலுகை. காட்சியின் வேகத்துக்கு இது உதவியிருக்கிறது, கணக்குத் தீர்ப்பதற்கு உதவவில்லை என்பது என் எண்ணம். இன்னொரு மாணவன் கவனித்துச் சொன்னது: படத்தில் வெள்ளைக்காரச் சாயல் உள்ள ஒரே முக்கியமான ஆள் ஆங்கிலோ இந்தியரான கெவின். அவர் கடைசி வரை கபிலன் பக்கம்.

அப்போது பாட்டிதான் போன வாரத்தை இழுத்தார். “அங்கயும் அவுத்தாங்க, இங்கயும் அவுத்தாங்க.” இரண்டு படத்தையும் தேர்ந்தெடுத்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. செனகல் தலைநகர் டக்காரில் பட்டாவை மாற்றியவனை பட்டா இழந்தவர்கள் அவிழ்க்கிறார்கள். அவனுக்கு அது மருந்து என்று சொல்லி அவிழ்க்கிறார்கள். இங்கே மூட்டை தூக்குகிறவனை, ஜெயித்துவிடப் போகிறான் என்பதற்காக அவிழ்க்கிறார்கள். இவனுக்கு அது மருந்தில்லை, பல வருஷம் சாராயத்தில் விழ வைத்த விஷம். அப்புறம் மீனவரான பீடி ராயப்பனிடம் கடற்கரையில் பயிற்சி எடுத்து, கடைசிப் பந்தயத்தில் நீல அங்கி போட்டுக்கொண்டு மேடை ஏற வேண்டியிருக்கிறது. உருவிய துணிக்குப் பதில் இன்னொரு துணி, அதற்கு அம்பேத்கரின் நிறம்.

‘ஹாலா’விலும் வெள்ளைக்காரன் சும்மா நிற்கிறான் என்பதை அப்போதுதான் திரும்ப யோசித்தேன். தலைவர் பின்னால் வாய் திறக்காமல் நிற்கும் அந்த ஆலோசகர் அரிசி விற்கவில்லை, நிலத்தை எழுதிக்கொள்ளவில்லை, பிச்சைக்காரர்களை வண்டியில் ஏற்றவில்லை. எல்லாவற்றையும் செய்வது உள்ளூர்க் கை. அவன் இல்லாவிட்டால் பெட்டி வந்திருக்காது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே சட்டகத்தில் நிறுத்தி, எது யார் வேலை என்று குழம்பாமல் காட்டுகிறார் செம்பேன். அவர் படம் செனகலிலேயே பல வெட்டுகளோடுதான் வெளிவந்தது. வெட்டியவர்களும் உள்ளூர்க்காரர்களே.

ஃபனான் 1961-இல் எழுதியதும் இதைத்தான். விடுதலைக்குப் பின் வரும் நடுத்தர வர்க்கம் பழைய எஜமானுக்கும் சொந்த ஜனத்துக்கும் நடுவில் தரகு வேலை பார்க்கும் என்றார். இதற்கு நான் பத்து வருஷமாக வாயில் நுழையாத ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். “துபாசின்னு சொல்லேன் சாரு” என்றார் பெரியவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்கும் ஊருக்கும் நடுவில் இரண்டு மொழி பேசிப் பணம் சேர்த்தவர்கள். பச்சையப்ப முதலியார் துபாசிதான். வெள்ளைக்காரன் கறுப்பர் நகரம் என்று பெயர் வைத்து, பிறகு தன் ராஜா பெயரில் ஜார்ஜ் டவுன் ஆக்கிய இடத்தில் தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெரு என்று கம்பெனிக் காலத்து வியாபாரிகளின் பெயரில் தினமும் நடக்கிறோம். சொல் காலடியிலேயே கிடந்திருக்கிறது.

வெற்றிமாறனின் 2018 ‘வட சென்னை’யைப் பற்றியும் கொஞ்சம் பேசினோம். கடலோரக் குடிசைகளைக் காலி செய்ய விடாமல் நிற்கும் ராஜனைக் கொல்வது அவன் கூடவே வளர்ந்தவர்கள். பிறகு அவர்களே ஊர்ப் பெரிய மனிதர்கள். அதற்கு ஒரு மூன்றாம் ஞாயிறு வேண்டும், நேரமில்லை.

திருத்திய கட்டுரை

மாணவி கட்டுரையை மறுபடி எழுதினாள். ஃபனான் ஒரு இடத்தில் மட்டும் வந்தார், துபாசி நாலு இடத்தில் வந்தார். மேடைக் காட்சிக்கு இப்போது மூன்று பக்கம். டெல்லியை அவள் விட்டுவிடவில்லை. ரங்கனின் கைதுக்கு ஒரு பத்தி, கபிலனின் துணிக்கு இன்னொரு பத்தி என்று தனித்தனியாகப் பிரித்திருந்தாள். பாட்டியின் வரியை முதல் வாக்கியமாக வைத்திருந்தாள். 22 என்பது 21 ஆனது. ஆங்கிலம் முந்தையதை விடத் தடுமாறியது, மதிப்பெண் திட்டத்தில் அதற்குக் குறைத்தே ஆக வேண்டும். எனக்கு இன்னும் அது வருத்தம்தான்.

மேற்கோள் காட்டினால் சொன்னவர் பெயர் வேண்டும் என்பது துறையின் விதி. அவள் படிப்பகத்துக்குப் போய்ப் பெரியவரிடம் கேட்டாள், நானும் கூட இருந்தேன். “தாத்தா, உங்க பேர் போட்டுக்கட்டுமா?”

“பேர்லாம் வேணாம்மா. ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு சொன்னாருன்னு போடு.” கேரம் காய்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். “அந்த கறுப்புக்காரரும் அதானே செஞ்சாரு? அவரு பேருக்குப் பக்கத்துலயே போடு.”